கர்ப்பகால டயட் கிளினிக்: டயட்டீஷியனுக்கு 5, மத்ததுக்கு 2

பெங்களூரு இந்திராநகர் 100 அடி ரோட்டுக்குப் பின்னாடி இருக்கிற கிளினிக். பேர் வேண்டாம், இன்னும் அங்கேதான் போயிட்டிருக்கேன். 11ஆவது வாரம் முதல் தடவை போனப்போ என் எடை 78 கிலோ, உயரம் 157 செ.மீ. எடை மெஷினை ஹால் நடுவில வச்சிருக்காங்க. நர்ஸ் "எழுபத்தெட்டு"ன்னு சத்தமா சொன்னதுல காத்திருந்த எல்லாரும் நிமிர்ந்து பார்த்தாங்க. இதுக்கே மூணு ஸ்டார் போச்சு.

உள்ளே இருந்த டயட்டீஷியன் நல்ல தமிழ்ல பேசினாங்க. பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பார்க்கிற கணக்கு) 30ஐத் தாண்டிட்டதால பிரசவம் வரைக்கும் 5லேர்ந்து 9 கிலோ ஏறினாப் போதும், ஆனா இப்போ எடையைக் குறைக்கக் கிளம்பக் கூடாதுன்னாங்க. "என் உடம்பு, குழந்தைக்கு என்ன?"ன்னு கேட்டேன். பேப்பர்ல படம் போட்டாங்க: அம்மா ரத்தத்துல கூடுற சர்க்கரை நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போயிடும், அம்மாவோட இன்சுலின் போகாது. அதனால குழந்தையோட கணையமே கூடுதலா இன்சுலின் சுரக்கும், கொழுப்பு சேரும். பிறக்கிறப்போ எடை சரியா இருந்தாலும், வளர்ந்த பிறகு உடல் பருமன், சர்க்கரை, பி.பி. வர வாய்ப்பு கூடுமாம். ஸ்காட்லாந்துல 1950லேர்ந்து 1976 வரைக்கும் பிறந்தவங்களைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வுல, பருமனான அம்மாக்களோட பிள்ளைகள் 55 வயசுக்கு முன்னாடியே இறக்கிறதும் அதிகமா தெரிஞ்சுதாம். கேட்டதும் கை சில்லிட்டுப் போச்சு. "வாய்ப்பு கூடுதுன்னுதான் சொல்றேன், கட்டாயம் வரும்னு சொல்லலை"ன்னு தண்ணி கொடுத்தாங்க.

ஆம்பூர்லேர்ந்து வந்திருந்த எங்க அம்மா, "ரெண்டு உசுருக்குச் சாப்பிட வேணாமா?"ன்னு சண்டைக்கே போயிட்டாங்க. சாதாரண எடைக்காரங்களுக்கே பிந்தைய மாசங்கள்ல நாளைக்கு 350 கலோரிதான் கூடுதல், ரெண்டு தோசையும் ஒரு டம்ளர் பாலும்னு டயட்டீஷியன் பொறுமையா விளக்கினாங்க. அம்மா வீட்டுக்கு வந்து நெய் டப்பாவை மேல் தட்டுல ஏத்திட்டாங்க. எனக்கு எட்டாதாம்!

அச்சடிச்ச சார்ட் மட்டும் வீண். கீன்வா, அவகாடோன்னு இருந்தது. டயட்டீஷியனே அதை அடிச்சிட்டு ராகிக் களி, கீரை, சுண்டல்னு பேனால எழுதிக் கொடுத்தாங்க. 26ஆவது வாரம் 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல எடுத்த டெஸ்ட்ல 146 வந்தது (140க்குள்ள இருக்கணும்). அப்போதிலேர்ந்து ராத்திரி சோறு பாதி, சாப்பிட்டதும் அல்சூர் ஏரிக்கரையில அரை மணி நடை. மாத்திரை, ஊசி எதுவும் இல்லாமலே சர்க்கரை அடங்கிடுச்சு. இப்போ 33ஆவது வாரம், 6 கிலோ கூடியிருக்கேன்.

கவுண்டர்ல புரோட்டீன் பவுடர் தலையில கட்டப் பார்ப்பாங்க, வாங்காதீங்க. தமிழ் பேசுற டயட்டீஷியன் செவ்வாய், வெள்ளி மட்டும்தான். பத்து மணிக்குள்ள போயிடுங்க, இல்லைன்னா ஒன்றரை மணி நேரம் காத்திருக்கணும், அதுவும் அந்த எடை மெஷினுக்கு எதிர்ல.