திருகோணமலைத் தலங்களுக்கு ஒருநாள் வான் வண்டிப் பயணம்: ஒரு மதிப்பீடு

நகரிலுள்ள ஒரு விடுதியினர் வழிகாட்டியோடு ஒழுங்குசெய்து தரும் ஒருநாள் வான் வண்டிப் பயணத்தில் அண்மையில் குடும்பமாகச் சென்றுவந்தோம். வெளியூரிலிருந்து வரும் உறவினரை இதில் அனுப்பலாமா என்று கேட்பவர்களுக்கு, பயண ஒழுங்கில் ஒரு மாற்றத்தை வற்புறுத்திக் கேட்டுப்பெற்றால் தாராளமாக அனுப்பலாம் என்பேன்.

வழிகாட்டி ஊரையும் தலபுராணத்தையும் நன்கறிந்தவர். பிரெட்ரிக் கோட்டை வாசலைப் பெரும்பாலான வாகனங்கள் நிற்காமலே கடந்துவிடும். இவரோ எங்களை இறக்கி, வாசற்கல்லில் செதுக்கப்பட்டுள்ள இரட்டை மீன் சின்னமான இணைக்கயலையும், குளக்கோட்டன் என்ற பழைய மன்னனின் கோயில் திருப்பணியையும் பின்னர் பறங்கியர் (போர்த்துக்கேயர்) அதைச் சிதைப்பதையும் சொல்லும் தேய்ந்த தமிழ் எழுத்துகளையும் விரல்வைத்துக் காட்டினார். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தியதை முன்பே படித்திருந்தாலும், அந்தக் கல்லருகே நின்று கேட்டபோது நெஞ்சு கனத்தது.

மேலே மலையிலுள்ள இன்றைய கோணேசர் கோயிலின் மதியப் பூசைக்குச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தரிசனம் முடிந்தபின், சம்பந்தர் பதிகம் பெற்ற தலம் என்பதோடு நிறுத்தாமல், 1950இல் கிணறு தோண்டியபோது வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டதையும், 1956இல் சுழியோடிகள் மலையடிக் கடலில் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டதையும் அவர் விரிவாகச் சொன்னார். இராவணன் வெட்டு என்னும் மலைப்பிளவின் அருகே, பிள்ளைவரம் வேண்டி மரத்தில் கட்டிய சின்னஞ்சிறு தொட்டில்களைப் பார்த்தபடி என் தாயார் நெடுநேரம் நின்றார், யாரும் அவசரப்படுத்தவில்லை.

கன்னியா வெந்நீரூற்றுகளில் ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளிக்க நேரம் போதுமானதாக இருந்தது.

குறை தம்பலகாமத்தில்தான். மதிய உணவுக்கு ஒரு கடையில் அளவுக்கு மீறித் தங்கவைத்ததால், அங்குள்ள ஆதி கோணேசர் கோயிலை அடைந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். கோணமலையில் கோயில் இடிபட்ட பின்னர் கோணேசர் வழிபாடு அறுபடாமல் தொடர்ந்த தலம் அது. கோட்டை வாசலில் அத்தனை உருக்கமாகத் தொடங்கிய வரலாற்றின் மறுபாதியைப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கேட்கவேண்டியதாயிற்று. கட்டணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தந்திருக்கலாம், கேட்டும் தரவில்லை.

ஆகவே முற்பதிவின்போதே தம்பலகாமத்தைக் காலையில் முதலாவதாக வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து திரும்பினாலும் கோணேசரின் மதியப் பூசைக்கு நேரம் தாராளமாக இருக்கும். கன்னியாவைப் பிற்பகலுக்குத் தள்ளிவைத்தால் முதியவர்களுக்கும் அலைச்சல் குறையும்.