கதவு, நீர், விரிசல்: 11 ஆண்டுகள் உழைத்த ரொட்டி ஓவனின் அனுபவம்

எங்கள் அடுமனையில் இரண்டு ஓவன்கள் உள்ளன. ஒன்று, ட்ரே அடுக்கிய டிராலியை அப்படியே உள்ளே தள்ளிச் சுழலவிடும் ரோட்டரி ஓவன். எரிவாயு பர்னரில் இயங்குவது. அதனுடன் 11 ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். மற்றொன்று, கல்தளத்துடன் மூன்று அடுக்குகள் கொண்ட மின்சார டெக் ஓவன். அது வந்து 7 ஆண்டுகள் ஆகின்றன. ரோட்டரி ஓவன் வாரத்தில் 6 நாள், நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்குக் குறையாமல் சூட்டில் நிற்கிறது. இவ்வளவு காலப் பயன்பாட்டுக்குப் பின் எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: ரொட்டி சுடத் தேவையான 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வெப்பம் நல்ல எஃகுக்குப் பெரிய சோதனை இல்லை. ஓவனைத் தேய்ப்பவை நீராவியும், தினமும் சூடேறி ஆறும்போது உலோகம் நீண்டு சுருங்குவதும், பழுதான பாகத்தைக் கை எட்டாத இடத்தில் வைத்து மூடிவிடும் அமைப்பும்தான். விற்பனைக் கையேடுகள் இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே, வாங்கப்போகிறவர்களுக்கும் வடிவமைப்பவர்களுக்கும் உதவும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பழுதானது கதவு. வாங்கிய 14ஆம் மாதத்தில், ஸ்டீம் விட்டவுடன் கதவின் கீழ் மூலையில் ஒரு சொட்டு நீர் திரண்டு நிற்பதைப் பார்த்தோம். சில வாரங்களில் அதே பக்கத்தில், கீழிரண்டு ட்ரேக்களின் ரொட்டிகள் மற்றவற்றைவிட வெளிறி வந்தன. கதவின் ஓரத்தில் நீராவி கசியாமல் அடைக்கும் பட்டையான கேஸ்கெட் தளர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றினோம். நான்கு மாதத்தில் மீண்டும் அதே சொட்டு. இப்படி மூன்று முறை கேஸ்கெட் மாற்றிய பிறகுதான், கதவை மூடிய நிலையில் மேலேயும் கீழேயும் உள்ள இடைவெளியை அளந்து பார்க்கத் தோன்றியது. கைப்பிடிப் பக்கம் கதவு 4 மில்லிமீட்டர் தொங்கியிருந்தது. இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்க வேண்டிய எடையுள்ள கதவை, ஒரு நாளில் நூறு முறைக்கு மேல் திறந்து மூடுகிறோம். அந்த எடை முழுவதையும் சுமந்த கீலின் உள்ளே ஒரு சிறிய பித்தளை வளையம் (புஷ்) மட்டுமே இருந்தது, அதுவும் தேய்ந்து ஓவல் வடிவமாகியிருந்தது. கேஸ்கெட் வெறும் அறிகுறி. நோய் கீலில் இருந்தது.

இதற்குத் தீர்வு வடிவமைப்பு நிலையிலேயே மிக எளிது. கீழ்க் கீலில் எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் ஒன்றும், கதவை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்திச் சரிசெய்யும் திருகும் இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறை ஸ்பேனரால் கால் சுற்றுத் திருப்பினாலே கதவு தன் இடத்துக்கு வந்துவிடும். நாங்கள் பிற்பாடு ஒரு லேத் பட்டறையில் செய்து பொருத்திய கீல் 8 ஆண்டுகளாக உழைக்கிறது. கேஸ்கெட்டைப் பொறுத்தவரை, சிலிக்கோன் வகை ஏறத்தாழ 230 டிகிரி வரைதான் தொடர்ந்து தாங்கும்; அதற்கு மேல் சுடும் அடுமனைகளில் அது முதலில் விறைத்து, பிறகு மூலைகளில் வெடிக்கிறது. கண்ணாடி இழையால் பின்னிய கயிறு வெப்பத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் எண்ணெயும் மாவுத் தூசியும் அதில் ஏறினால் சுத்தம் செய்வது கடினம். எதைப் போட்டாலும், பசை இல்லாமல் பள்ளத்தில் அழுத்திப் பொருத்தி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் எதிர்பார்ப்பு. பசை போட்டு ஒட்டிய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுப்பதில் ஒரு முழு விடுமுறை நாள் போயிருக்கிறது.

இனி நீர். ஸ்டீம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லாமல் அதன் பழுதைச் சொல்ல முடியாது. மாவு உள்ளே போன முதல் சில நிமிடங்களில், அதன் குளிர்ந்த மேற்பரப்பில் நீராவி படிந்து நீராகிறது. ஒரு கிலோ நீராவி அப்படி நீராகும்போது சுமார் 2,257 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. ஒரு கிலோ நீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப் போல இது ஐந்து மடங்குக்கும் அதிகம். அந்த ஈரம் மேல்தோல் காய்ந்து இறுகாமல் பார்த்துக்கொள்வதால், உள்ளே ஈஸ்ட் சுமார் 60 டிகிரியில் செயலிழக்கும் வரை ரொட்டி தடையின்றி எழும்ப முடிகிறது. மேற்பரப்பு மாவுச்சத்தும் குழைந்து, பிறகு பளபளப்பான ஓடாகிறது. ஸ்டீம் குறைந்தால் ரொட்டி மங்கிய தோலுடன், கத்தியால் கீறிய இடம் விரியாமல், பக்கவாட்டில் வெடித்து வெளிவரும்.

நான்காம் ஆண்டில் எங்கள் ரொட்டிகள் சரியாக அப்படித்தான் வரத் தொடங்கின. மாவைச் சந்தேகித்தோம், ஈஸ்ட்டை மாற்றினோம், புளிக்கவிடும் நேரத்தைக் கூட்டிக் குறைத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. இந்த ஓவனில் நீராவி உண்டாவது, சூடேறிய வார்ப்பிரும்புக் கட்டிகளின் அடுக்கின் மேல் நீர் வழிந்து இறங்குவதால். அந்த அடுக்கு பின்சுவருக்குள், வெல்டிங் செய்து மூடிய தகட்டுக்குப் பின்னால் இருந்தது. தகட்டை வெட்டித் திறக்கவே 6 மணி நேரம் ஆயிற்று. உள்ளே இரும்பு என்று சொல்ல எதுவும் கண்ணில் படவில்லை. முட்டை ஓட்டைப் போல வெண்மையாகவும் விரல் தடிமனாகவும் சுண்ணாம்புப் படிவு, அதன் நடுவே நீர் தனக்கென அறுத்துக்கொண்ட வாய்க்கால்கள். நீர் அந்த வாய்க்கால்கள் வழியே இரும்பைத் தொடாமலே ஓடி, வடிகாலில் வெந்நீராக விழுந்திருக்கிறது. சுண்ணாம்பு வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பைவிடப் பல மடங்கு மந்தமானது. அதனால்தான் ஓவன் சரியான வெப்பநிலையைக் காட்டியபடியே நீராவி மட்டும் வற்றிப்போனது.

கடின நீரை மென்மையாக்கும் கருவியைப் பொருத்தினால் போதும் என்றே எல்லோரும் சொன்னார்கள், நாங்களும் பொருத்தினோம். சுண்ணாம்பு நின்றது உண்மை. ஆனால் அக்கருவி கால்சியம், மக்னீசியத்துக்குப் பதிலாகச் சோடியத்தைக் கொடுக்கிறதே தவிர, நீரில் உள்ள குளோரைடை அப்படியே விட்டுவிடுகிறது. நீர் ஆவியாக ஆவியாகக் குளோரைடு அடர்ந்து, துருப்பிடிக்காது என்று நாம் நம்பும் எஃகிலும் ஊசிமுனை அளவுக் குழிகளை அரிக்கும். ஏழாம் ஆண்டில் ஓவனின் அடித்தகட்டில் அத்தகைய குழிகளைக் கண்டோம். அப்போது ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தேன். சுவர்களில் காந்தம் ஒட்டவில்லை. அடித்தகட்டில் இறுகப் பிடித்துக்கொண்டது. அதாவது, சுவர்கள் நிக்கல் கலந்த 304 வகை எஃகு. எப்போதும் ஈரம் நிற்கும் அடித்தகடு மட்டும் நிக்கல் ஏறக்குறைய இல்லாத 430 வகை. (304 எஃகும் வளைத்த மூலைகளில் லேசாகக் காந்தத்தை ஈர்க்கும், சமதளத்தில் வைத்துப் பார்ப்பதே சரியான சோதனை.) 430 மோசமான எஃகு என்று நான் சொல்லமாட்டேன், உலர்ந்த இடத்தில் அது நன்றாகவே உழைக்கும். நீர் தேங்கும் தரைக்கும் நீராவிப் பெட்டிக்கும் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 வகையைப் போடுவதும், அடித்தகட்டை வடிகாலை நோக்கிச் சற்றுச் சரித்து அமைப்பதும் தயாரிப்பாளருக்குச் சிறிய கூடுதல் செலவு. பயனருக்கோ அது பல ஆண்டு ஆயுள். இப்போது எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டிய நீரையே ஸ்டீமுக்கு விடுகிறோம். வெட்டிய தகட்டுக்குப் பதில் நான்கு போல்ட்டில் கழலும் மூடியைப் பொருத்தி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கிறோம். அந்த வேலை இப்போது 20 நிமிடத்தில் முடிகிறது.

மூன்றாவது, விரிசல். 304 எஃகு ஒவ்வொரு டிகிரி வெப்ப உயர்வுக்கும் மீட்டருக்குச் சுமார் 0.017 மில்லிமீட்டர் நீளும். மிகச் சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் 2 மீட்டர் உயரமுள்ள உட்சுவர், அறை வெப்பத்திலிருந்து 220 டிகிரி கூடுதலாகச் சூடேறும்போது ஏறத்தாழ ஏழரை மில்லிமீட்டர் நீள்கிறது. இரவில் மீண்டும் சுருங்குகிறது. குளிர்ந்தே இருக்கும் வெளிச்சட்டத்தோடு அந்தச் சுவரை இறுக வெல்டிங் செய்திருந்தால், ஆண்டுக்கு முந்நூறு முறை அந்த இணைப்பு முறுக்கப்படுகிறது. காலையில் பர்னர் பற்றிய சிறிது நேரத்தில் எங்கள் ஓவனிலிருந்து "டப்" என்று ஒரு சத்தம் வரும்; அதை நாங்கள் பழகிய ஒலியாகவே எடுத்துக்கொண்டோம். ஐந்தாம் ஆண்டில், மேல் மூலை வெல்டிங்கில் 6 சென்டிமீட்டர் விரிசல் தெரிந்தது. அதை அடைத்து வெல்டிங் செய்தோம். 8 மாதத்தில் பக்கத்திலேயே புதிய விரிசல். இரண்டாம் முறை வந்த வெல்டர் அனுபவசாலி. விரிசலின் நுனியில் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்திவிட்டு, "தகடு நகர இடம் விடுங்க சார், இல்லேன்னா வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுவீங்க" என்றார். மூலையின் வெல்டிங்கை வெட்டி, நீள்துளையில் போல்ட் போட்டு, தகடு நகர்வதற்கு வழிவிட்டார். காலையில் கேட்ட அந்தச் சத்தம் அன்றோடு நின்றது, விரிசலும் திரும்பவில்லை.

விரிசல் சுவரோடு நின்றால் வெப்பமும் நீராவியும்தான் வீண். நீராவி வெப்பக் காப்புக் கம்பளிக்குள் புகுந்து அதை நனைத்துவிடும் என்பதும், நனைந்த கம்பளி வெப்பத்தைத் தடுக்காது என்பதும் உண்டு. ஆனால் பர்னரின் வெப்பப் பரிமாற்றிக் குழாயில், அதாவது சுடரை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ஓடும் காற்றைச் சூடாக்கும் குழாயில், விரிசல் வந்தால், எரிந்த வாயு ரொட்டி இருக்கும் அறைக்குள்ளும், கதவு திறக்கும்போது வேலை செய்பவரின் முகத்திலும் வரும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு இருக்கக்கூடும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. இந்த ஓர் இடத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். சுடர் நேரடியாகப் படும் பகுதிக்கு 25 விழுக்காடு குரோமியமும் 20 விழுக்காடு நிக்கலும் கொண்ட 310 வகை எஃகு வேண்டும் என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பர்னர் எரிந்துகொண்டிருக்கும்போது சுழற்சி விசிறி ஓடத் தொடங்கியதும் சுடர் ஆடினால், அன்றே ஓவனை நிறுத்தி ஆளை அழைக்க வேண்டும். நாங்கள் ஒன்பதாம் ஆண்டில் இந்த அறிகுறியைக் கண்டுதான் பரிமாற்றியை மாற்றினோம். அதே வேளையில் ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியையும் சுவரில் மாட்டினோம். அதை முதல் நாளே மாட்டியிருக்க வேண்டும்.

பரிமாற்றியின் ஆயுளைக் குறைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு. வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் பல ஆண்டுகள் இருந்தது. அப்படி அணைத்தால் விசிறி உடனே நின்று, சிவந்த குழாயின் வெப்பம் போக வழியின்றி அங்கேயே தங்குகிறது. விசிறித் தண்டு வழியே பேரிங்குக்கும் ஏறி, கிரீஸை உருக்கி வழியச் செய்கிறது. இப்போது பர்னரை மட்டும் அணைத்து, அறை 100 டிகிரிக்குக் கீழே வரும்வரை விசிறியை ஓடவிடுகிறோம். அதற்கு முன் 18 மாதத்துக்கு ஒரு பேரிங் மாற்றினோம். இப்போதைய பேரிங் நான்காம் ஆண்டில் இருக்கிறது. வெப்பம் இறங்கிய பின் தானாக அணையும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளரே வைத்துவிட்டால், களைத்துப்போய் வீட்டுக்குக் கிளம்பும் மனிதரின் நினைவை நம்ப வேண்டியதில்லை.

டெக் ஓவனைப் பற்றிக் குறைவாகவே சொல்ல இருக்கிறது, ஏனெனில் அது குறைவாகவே தொல்லை தந்தது. சுழலும் பாகமோ பெரிய கதவோ அதில் கிடையாது. கல்தளம் ஒரு முறை வெடித்தது. சூடாக இருந்தபோதே ஈரத்துணியால் துடைத்ததுதான் காரணம். தளம் ஒரே பலகையாக இல்லாமல் இரண்டு துண்டுகளாக இருந்ததால் பாதியை மட்டும் மாற்றிக்கொண்டோம், அந்த வடிவமைப்பாளருக்கு நன்றி. சில நாள் மூடியிருந்து திறக்கும்போது, மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் டிரிப் ஆனால், ஹீட்டர் குழாய்க்குள் உள்ள மக்னீசியம் ஆக்சைடு தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். எலக்ட்ரீஷியனை வைத்து அதை மெல்ல உலர்த்தினால் சரியாகிவிடும், உடனே ஹீட்டரை மாற்ற வேண்டியதில்லை. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஹீட்டரின் திறன் 19 விழுக்காடு குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரொட்டி திடீரென வேகத் தாமதமானால் நான் முதலில் பார்ப்பது வோல்ட்மீட்டரை.

கட்டுப்பாட்டுப் பலகையைக் கதவின் கைப்பிடிப் பக்கம், மேலே பொருத்துவது பார்வைக்கு வசதி. ஆனால் ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் வெளியேறும் நீராவி நேராக அங்கேதான் போகிறது. எங்கள் ரோட்டரி ஓவனில் இரண்டு மின்னணுப் பலகைகள் அப்படிக் கெட்டன. மூன்றாவதை ஓவனின் உடலிலிருந்து பிரித்து, ஒரு கை தூரத்தில் தனிப்பெட்டியில் சுவரில் வைத்தோம். அது இன்றுவரை கெடவில்லை. தொடுதிரையைவிட, மாவு ஒட்டிய கையாலும் திருப்பக்கூடிய குமிழையே நான் விரும்புவேன்.

வெப்பநிலை காட்டும் எண்ணை முழுமையாக நம்புவதையும் விட்டுவிட்டோம். வெப்பநிலையை அளக்கும் உணரியான தெர்மோகப்பிள் வெப்பக்காற்று வெளிவரும் வாயருகே இருந்ததால், ட்ரேக்களின் நடுவில் இருந்ததைவிட 12 டிகிரி கூடுதலாகக் காட்டியது. மாதத்தின் முதல் நாளில், ஒரே எடையில் பிடித்த உருண்டைகளை டிராலி முழுவதும் ஏற்றிச் சுட்டு, மேல், நடு, கீழ் ட்ரேக்களில் மும்மூன்று இடங்களிலிருந்து ஒன்பது ரொட்டிகளை எடுத்து மேசையில் வரிசையாக அடுக்குகிறோம். அவற்றின் நிறத்தைப் பார்த்து, எடையைப் போட்டு, நடுவில் வெப்பமானியைக் குத்தி 95 டிகிரி வந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்கிறோம். கதவு தொங்கினாலும், விசிறி தளர்ந்தாலும், ஸ்டீம் குறைந்தாலும் அந்த ஒன்பதில் ஏதோ ஒன்று முதலில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சென்ற மாதம் கீழ் ட்ரேயின் இடது ரொட்டி மற்றவற்றைவிடச் சற்று வெளிறியிருந்தது. கீலின் திருகைக் கால் சுற்றுத் திருப்பினோம், இம்மாதம் ஒன்பதும் ஒரே நிறத்தில் வந்தன.