எஸ்பெராண்டோ, டோக்கி போனா: பல ஆண்டுப் புழக்கத்திற்குப் பிறகு

செயற்கை மொழியை ஆக்குபவர் ஓரிடத்தில் மிச்சம் பிடித்தால், அந்தச் செலவு வேறு யார் தலையிலாவது விழுகிறது. எஸ்பெராண்டோவில் அது கற்கும்போதே தீர்ந்துவிடுகிறது. டோக்கி போனாவில் ஒவ்வொரு வாக்கியத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் பல ஆண்டுகளாகக் கடிதத்திலும் நாட்குறிப்பிலும் வெளிநாட்டு நண்பர்களோடு பேசும்போதும் பயன்படுத்தி வருகிறேன். அறிமுகக் கட்டுரைகள் எல்லாம் இரண்டையும் "எளிய மொழி" என்கின்றன. முதல் மாதத்திற்கு அது சரி. அதற்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று சொல்பவர் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன்.

எஸ்பெராண்டோவை லூத்விக் சாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் 1887-இல் வார்சாவில் வெளியிட்டார். பல இனத்தார் பல மொழி பேசிப் பகைத்துக்கொண்டிருந்த பியாலிஸ்டாக் நகரத்தில் பிறந்தவர். எல்லோருக்கும் பொதுவான இரண்டாம் மொழி ஒன்று வேண்டும் என்பது அவர் நோக்கம். டோக்கி போனா 2001-இல் வந்தது. கனடாவைச் சேர்ந்த சோன்யா லாங் உலகத்தை இணைக்க அதை ஆக்கவில்லை. தம் எண்ணங்களைச் சுருக்கித் தெளிவாக்கிக்கொள்ளவே ஆக்கினார். 2014-இல் வந்த அதன் நூலில் இருப்பவை ஏறத்தாழ 120 சொற்கள். நோக்கமே வேறு என்பதால் ஒலியிலிருந்தே இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

தமிழ் நாவுக்கு டோக்கி போனா சொந்த வீடு. உயிர் 5, மெய் 9, மொத்தம் 14 ஒலிகள். ககரத்தை வல்லொலியாகச் சொன்னாலும் மெல்ல அதிரவிட்டுச் சொன்னாலும் பொருள் மாறாது, பகரமும் அப்படியே. ஒரே 'க'வை வைத்துக்கொண்டு 'காகம்' என்ற சொல்லில் இருவிதமாக ஒலிக்கும் நமக்கு இதில் கற்க ஒன்றுமே இல்லை. அசையின் இறுதியில் வரக்கூடிய மெய் 'ன்' ஒன்றுதான். யி, தி, வு, வொ என்ற நான்கு அசைகளுக்கு மட்டும் அந்த மொழியில் இடமில்லை. 'வு' என்பதில் மெய்யும் உயிரும் ஒரே இதழ்க்குவிப்பில் பிறப்பதால் காதுக்குப் பிரித்தறிவது கடினம் என்பது காரணம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. வகரம் உ, ஊ, ஒ, ஓ ஆகிய உயிர்களோடு சொல்லின் முதலில் வராது என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. 'யி' முதலில் வராது என்பதும் நம் இலக்கணத்தில் உண்டு. நான்கில் மூன்றை நாம் எப்போதோ மொழிமுதலில் தடுத்துவிட்டோம். காதும் வாயும் எங்கும் ஒன்றுதானே.

எஸ்பெராண்டோவில் 28 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, அழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில். விதி அருமையாக இருக்கிறது. வாய்தான் படாதபாடு படுகிறது. சாமென்ஹோஃப் பிறந்த மண்ணின் ஸ்லாவிய ஒலிகள் அதில் ஊறிக்கிடக்கின்றன. பையனுக்கு 'க்னாபோ', தெருவுக்கு 'ஸ்த்ராதோ'. 'அறி' என்ற வினையோ 'ஸ்த்ஸி' என்று மெய்களை நெருக்கி அடுக்கிக்கொண்டு தொடங்குகிறது. பள்ளியை 'இஸ்கூல்' ஆக்கிய நாம் இவற்றுக்கு முன்னால் ஓர் இகரத்தை நாமாகவே போட்டுவிடுகிறோம். கேட்கும் போலந்துக்காரர் சற்று விழிக்கிறார். அதிரும் ஒலிக்கும் அதிராத ஒலிக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கடுமை. விருந்தாளிக்கு ஒரு சொல், சாதிக்கு ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் 'கஸ்தோ' என்றே எழுத வேண்டும். முதல் ஒலி அதிர்ந்தால் விருந்தாளி, அதிராவிட்டால் சாதி. வந்தவரை வரவேற்கும்போது கவனம் தேவை.

ஆனால் இந்தச் செலவு ஒருமுறைதான். சில மாதங்களில் வாய் பழகிவிடும். பேசுபவர்களே மொழியைத் தேய்த்துச் சரிசெய்தும் இருக்கிறார்கள்: தொண்டையில் உரசும் ஹகரம் பல சொற்களில் ககரமாகிவிட்டது. வேதியியலுக்கு முன்பு இருந்த 'ஹெமியோ'வை இன்று 'கெமியோ' என்றே சொல்கிறார்கள். ĉ, ŝ போன்ற கூரை வைத்த எழுத்துகளை விசைப்பலகையில் அடிப்பது ஒரு காலத்தில் தொல்லை. எழுத்துக்குப் பின் ஓர் எக்ஸ் போட்டு ஒப்பேற்றினோம். இன்றைய கைபேசிகளில் அந்தச் சிக்கல் இல்லை.

இலக்கணத்தில் எஸ்பெராண்டோ நமக்குச் சாதகம். செயப்படுபொருளுக்கு ஈற்றில் 'ன்' சேர்க்க வேண்டும் என்ற விதி ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கிறது. நமக்கு அது இரண்டாம் வேற்றுமை 'ஐ'. 'புலியை மனிதன் கொன்றான்' என்பதை எப்படி மாற்றிப்போட்டாலும் செத்தது புலிதான். ஒரு வழுக்கல் மட்டும் உண்டு. நாம் 'தண்ணீரைக் குடித்தேன்' என்று சொல்வதில்லை; 'தண்ணீர் குடித்தேன்' என்போம். அஃறிணைப் பொருளுக்கு உருபைத் தொகையாக்கும் அந்தப் பழக்கம் எஸ்பெராண்டோவில் செல்லாது. 'ஆக்வோன்' என்று ஈறு போட்டே ஆக வேண்டும். இதே 'ன்' இயக்கத்தையும் காட்டும்: 'என் லா தோமோ' என்றால் வீட்டுக்குள் இருப்பது, 'என் லா தோமோன்' என்றால் வீட்டுக்குள் போவது. ஓர் ஈற்றிலிருந்து இவ்வளவு வேலை வாங்கியதை மெச்சத்தான் வேண்டும்.

வினாச் சுட்டுச் சொற்கள் 45-ஐயும் ஓர் அட்டவணையில் அடக்கியிருப்பதும் நமக்குப் புதிதல்ல. எங்கே, அங்கே, எப்போது, அப்போது என்று எகர அகரங்களை மாற்றி மாற்றிச் சொல் செய்பவர்கள் நாம். யாழ்ப்பாணத்தார் 'உங்கே', 'உவன்' என்று உகரச் சுட்டையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு எஸ்பெராண்டோவின் அட்டவணை கொஞ்சம் ஏழ்மையாகக்கூடத் தெரியும்.

எனக்கு இன்றும் உறுத்துவது பெயரடைதான். பெயர் பன்மையானால் அடையும் பன்மையாக வேண்டும், பெயர் 'ன்' ஏற்றால் அடையும் ஏற்க வேண்டும். அழகான பூக்களைப் பார்த்தேன் என்பதில் 'பேலாய்ன் ஃப்ளோரோய்ன்' என்று ஒரே செய்தியை இருமுறை முழங்க வேண்டியிருக்கிறது. 'அழகான' என்பதை எந்தப் பூவுக்கும் அப்படியே வைக்கும் நமக்கு இது வீண் செலவு. சாமென்ஹோஃபுக்கே இது தெரிந்திருந்தது. 1894-இல் இந்த இயைபையும் கூரை எழுத்துகளையும் நீக்கலாம் என்று அவரே முன்மொழிந்தார். வாக்கெடுப்பில் பயனாளர்கள் மறுத்துவிட்டார்கள். 1907-இல் பிரிந்துபோன 'இதோ' என்ற மொழி இரண்டையும் நீக்கியது. காகிதத்தில் அது மேலான வடிவமைப்பு என்றே சொல்வேன். ஆனால் பேச ஆள் கிடைப்பது எஸ்பெராண்டோவில்தான்.

எதிர்ச்சொல்லுக்கு 'மால்' என்ற முன்னொட்டு. சூடு 'வார்மா', குளிர் 'மால்வார்மா'. பாதிச் சொற்களை மனப்பாடம் செய்யும் வேலை மிச்சம். ஆனால் இரைச்சலான இடத்தில் அந்த 'மால்' காதில் விழாமல் போனால் பொருள் தலைகீழாகிவிடும். மருத்துவமனை 'மால்சானுலேயோ': நலம், அதன் எதிர், அப்படிப்பட்ட ஆள், அவர்கள் இருக்கும் இடம் என்று நான்கு துண்டு. அவசரத்தில் எல்லோரும் 'ஹோஸ்பிதாலோ' என்றே சொல்கிறார்கள்.

டோக்கி போனாவின் இலக்கணத்தை ஒரு மாலைப்பொழுதில் படித்துவிடலாம். எழுவாய்க்குப் பின் 'லி', செயப்படுபொருளுக்கு முன் 'எ', அவ்வளவுதான். காலம் காட்டத் தனியாக ஒரு தொடர் வைத்தால் போதும், வைக்காவிட்டாலும் குற்றமில்லை. மிகவும் ரசித்தது 'பி' என்ற இடைச்சொல். 'பழைய புத்தகக் கடை' என்ற பலகையைப் பாருங்கள்: பழையது புத்தகமா, கடையா? டோக்கி போனாவில் இந்த மயக்கம் கிடையாது. 'தோமோ தேலோ நாசா' என்றால் விசித்திரமான குளியலறை. நடுவில் ஒரு 'பி' சேர்த்து 'தோமோ பி தேலோ நாசா' என்றால் மதுக்கடை. கற்க எளிதான இத்தகைய கருவியைப் பெரிய மொழிகளே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அன்றாடத்திற்கு அது தாங்காது. எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ('வான்'), இரண்டு ('தூ'), பல என்பதே அடிப்படை. கொஞ்சம் விரிவான முறையில் ஐந்துக்குக் கையைக் குறிக்கும் 'லூகா', இருபதுக்கு 'மூதெ', நூறுக்கு 'ஆலே'. 78 என்று சொல்ல 'மூதெ மூதெ மூதெ லூகா லூகா லூகா தூ வான்' என்று அடுக்க வேண்டும். தொலைபேசி எண்ணை இப்படிச் சொன்னால் அழைப்பதற்குள் விடிந்துவிடும். நீலமும் பச்சையும் ஒரே சொல். பெற்றோர் இருவருக்கும் 'மாமா'. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நால்வரும் 'தன்னைப் போன்ற ஆள்'. ஒவ்வொரு முறையும் பேசுபவர் சுற்றி வளைக்க, கேட்பவர் சூழலை வைத்து ஊகிக்க வேண்டும். ஒரு மணி நேரம் பேசினால் எனக்குத் தலை கனத்துவிடுகிறது. எஸ்பெராண்டோவில் அவ்வளவு நேரம் பேசினால் அப்படி ஆவதில்லை.

நாட்குறிப்புக்கு இன்றும் டோக்கி போனாதான். கோபத்தோடு உட்கார்ந்தால் 'மேலதிகாரியின் ஆணவம்' என்று எழுதச் சொல்லே இருக்காது. அவர் என்ன செய்தார், எனக்கு என்ன வலித்தது என்று பிரித்து எழுத வேண்டும். எழுதி முடிப்பதற்குள் கோபம் பாதியாகிறது. லாங் நினைத்தது இதுதான் என்றால் வடிவமைப்பு வென்றுவிட்டது. கடிதம், பயணம், சண்டை, வாடகைப் பேச்சு எல்லாவற்றுக்கும் எஸ்பெராண்டோ. ஏதாவது ஒன்றைத் தொடங்க விரும்பும் தமிழர் முதலில் எஸ்பெராண்டோவையே எடுத்துக்கொள்ளலாம். டோக்கி போனாவைப் பிறகு ஒரு விடுமுறையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இடையில் கிளிங்கனையும் தொட்டுப் பார்த்தேன். மொழியியலாளர் மார்க் ஓக்ராண்ட் 'ஸ்டார் ட்ரெக்' படங்களில் வரும் வேற்றுக்கிரகத்தாருக்காக ஆக்கியது. அகராதி 1985-இல் வந்தது. அந்நியமாகத் தெரிய வேண்டும் என்றே செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற வரிசையை வைத்தார். 'குழந்தையைப் பார்க்கிறார் அதிகாரி' என்பது நமக்கு என்ன அந்நியம்? அதன் நாமடி டகரம்கூட 'பாடம்' என்ற சொல்லில் இருப்பதுதான்.

இரண்டு மொழிகளிலும் பழகாத குறை ஒன்று உண்டு: நாம், நாங்கள் என்ற பிரிவு. எஸ்பெராண்டோவில் 'நி' ஒன்றே. டோக்கி போனாவில் 'மி' என்பதே நான், நாம், நாங்கள் எல்லாம். டோக்கி என்ற பெயரையே பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியிலிருந்து எடுத்தார்கள். அந்த மொழியில் கேட்பவரைச் சேர்க்க 'யுமி', விலக்க 'மிபெலா' என்று அழகான இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவற்றை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள். எஸ்பெராண்டோக் கடிதங்களில் 'நி, உங்களையும் சேர்த்து' என்று நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.