வெளிநாட்டுப் பாசலில வாற காயத்து ஒயின்ற்மென்ற்: கடிக்கிற தோல்காரருக்குச் சரிவருமோ?

வெளிநாட்டில இருந்து ஆரும் வன்னிக்கு வந்தால் சொக்லேட்டோட கட்டாயம் காயத்துக்குப் பூசுற அன்ரிபயோற்றிக் (பக்ரீரியாவைக் கொல்லுற மருந்து) ரியூப்பும் ஒண்டு ரெண்டு பெட்டிக்குள்ள கிடக்கும். அமெரிக்காவில இதை டொக்டரின்ர துண்டு இல்லாமலே கடையில வாங்கலாம், அதால எங்கட ஆக்கள் நுளம்புக் கடியில இருந்து படர்தாமரை வரைக்கும் எல்லாத்துக்கும் பூசினம். படர்தாமரை பங்கசால வாறது, அதுக்கு இது ஒண்டும் செய்யாது, அதை இப்பவே சொல்லிப்போடுறன். எனக்குச் சின்னனில இருந்தே எக்சிமா, சவர்க்காரம் மாத்தினாலே கை கடிக்கத் தொடங்கீரும், அப்பிடியான தோலுக்கு இது எப்பிடி எண்டதுதான் என்ர கதை.

நல்லதும் இருக்கு. வேலி அடைக்கேக்க கருக்குமட்டை கிழிக்கிற கீறலுக்குப் பூசினால் எரியாது, அயடின் மாதிரி கறை பிடிக்காது, எண்ணெய்ப்பசை இருக்கிறதால காயம் காய்ஞ்சு வெடிக்காது, கட்டின துணியும் ஒட்டாமல் கழண்டு வரும்.

ஆனா ரியூப்பின்ர பின்பக்கத்தைப் பாருங்கோ. நியோமைசின், பசிட்ரசின், பொலிமிக்சின் பி எண்டு மூண்டு மருந்து இருக்கும். அமெரிக்காவில தோல் ஒவ்வாமையைப் பாக்கிற டொக்டர்மாரின்ர சங்கம் ஒண்டு வருசா வருசம் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' எண்டு ஒண்டைத் தெரிவு செய்யும், 2003இல பசிட்ரசின், 2010இல நியோமைசின். ஒரு ரியூப்புக்குள்ள பட்டம் வாங்கின ஆக்கள் ரெண்டு பேர்!

அதால நான் காயத்தில பூச முதல் முழங்கையின்ர உள்மடிப்பில சின்ன இடத்தில காலமையும் பின்னேரமும் கொஞ்ச நாள் பூசிப் பாத்தன், முதல் ஒண்டுமே இல்லை, சரிவந்திட்டுது எண்டு இருக்கேக்கதான் கடி துவங்கி சிவந்து பொடிப்பொடியாக் கொப்புளம் போட்டுது. நியோமைசின்ர குணமே அதுதான், பூசின உடன காட்டாது, சிலருக்கு ஒரு கிழமை போனாப்பிறகும் வரும். நல்ல தோலில ஒண்டும் வராதவைக்குக் கூட வெடிச்ச தோலில பூசினால் வரலாம், ஏனெண்டால் அதுக்குள்ளால மருந்து கூட இறங்கும்.

இதில கனபேர் மாறி விளங்கிறது எங்க எண்டால், காயத்தைச் சுத்திச் சிவந்தவுடன கிருமி பிடிச்சிட்டுது எண்டு இன்னும் அள்ளிப் பூசுறது. கடிதான் கூட, மருந்து பட்ட இடம் முழுக்கச் சிவப்புப் பரவுது எண்டால் அனேகமா ஒவ்வாமை, உடன நிப்பாட்டிக் கழுவுங்கோ. நோவு கூடிக்கொண்டு போகுது, சூடா வீங்கியிருக்கு, சீழ் வருது, காய்ச்சல் அடிக்குது எண்டால் அது கிருமி, ரியூப்பைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. முகம் வீங்கி மூச்சு முட்டுறது எப்பவாவதுதான் வரும், வந்தால் ஒரு நிமிசமும் நிக்கக் கூடாது.

சரி, அப்ப என்னத்தைப் பூசுறது? சின்னக் கீறலுக்கு நல்ல தண்ணியும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, வெறும் பெற்றோலியம் ஜெலி, அதுதான் எங்கட வாஸ்லின், மெல்லிசாப் பூசி மூடினால் காணும். 1996இல அமெரிக்காவில வந்த ஆய்வு ஒண்டில, தோலில சின்ன ஒப்பரேசன் செய்த 900க்கு மேல ஆக்களில பாதிப்பேருக்கு வெறும் ஜெலி, மற்றவைக்குப் பசிட்ரசின். கிருமி பிடிச்சது ஜெலிக்காரரில 2 வீதம், மற்றப்பக்கம் 0.9 வீதம், அந்த வித்தியாசம் கணக்கில எடுக்கிற அளவு இல்லை எண்டு சொல்லியிருக்கினம். ஒவ்வாமை வந்தது பசிட்ரசின் பூசின பக்கம் மட்டும்தான்.

இன்னொண்டு, நியோமைசின் ஒத்துவராத ஆக்கள் பாமசியில பிரமைசெற்றின் ரியூப்பைத் தந்தாலும் வாங்காதேங்கோ, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டுதான். கண்ணுக்கு, காதுக்கு விடுற சில மருந்திலயும் நியோமைசின் இருக்கு, டொக்டரிட்ட முதலே சொல்லிவையுங்கோ.

தோல் ஒத்துக்கொள்ளுற ஆக்களும் ஒரு கிழமைக்கு மேல பூச வேண்டாம். பெரிய எரிகாயம், நாய்க்கடி, ஆழமா ஆணி குத்தினது, சலரோகக்காரரின்ர கால்புண், இதுகளுக்கு இது மருந்தே இல்லை. ஆணிக்கு ஏற்பு ஊசியைப் பற்றியும் கேக்கோணும். பெரிய பச்சைப்புண்ணில அள்ளிப் பூசினால் நியோமைசின் ரத்தத்தில சேந்து காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம்.

என்ர புள்ளி, சாதாரண தோலுக்கு 5க்கு 3, எக்சிமாக்காரருக்கு 1. 25 பாகைக்குக் கீழ வைக்கச் சொல்லிப் பெட்டியில போட்டிருக்கு, கிளிநொச்சி வெய்யிலுக்கத் தகரக்கூரை வீட்டில அது நடக்கிற காரியமோ, மூடியைத் துறக்க எண்ணெய் தனிய ஓடுது. வாங்கேக்க திகதியையும் ஒருக்காப் பாருங்கோ, பாசலில வாறதுகள் கனக்க முடியிற நேரத்து ரியூப்புகள்.