எட்டு அங்குல நியூட்டோனியனில் கோளக் கொத்துகள்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

நெபுலா என்னும் வாயு முகிலுக்கு இருட்டு வேண்டும். விண்மீன்கள் உருண்டையாக நெருங்கித் திரண்ட கோளக் கொத்துக்கு அசையாத காற்று வேண்டும். 203 மிமீ கண்ணாடி, 1000 மிமீ குவியத் தூரம், எஃப்/5 (குவியத் தூரம் கண்ணாடியின் அகலத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு) கொண்ட நியூட்டோனியன் கண்ணாடித் தொலைநோக்கியைப் பல பருவங்கள் பயன்படுத்தினால் முதலில் பிடிபடுவது இதுதான். நகர வெளிச்சத்தை வெட்டும் ஃபில்டர் இங்கே வீண் செலவு. விண்மீன் ஒளி எல்லா அலைநீளங்களிலும் பரவியிருப்பதால், ஃபில்டர் அதையும் சேர்த்தே வெட்டும், நிறமும் கெடும்.

1714-இல் வானியலாளர் எட்மண்ட் ஹாலி கண்ட எம் 13 கொத்தின் மொத்த ஒளியளவு 5.8 (எண் கூடினால் மங்கல்). ஆனால் அதன் மிகப் பிரகாசமான தனி விண்மீன்களே 12-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. அதனால் 25 மிமீ ஐபீஸில், 40 மடங்கில், வெறும் பனிப்பந்து. 10 மிமீயில் ஓரங்கள் மணல்போல் உதிரும். 6 மிமீயில், 167 மடங்கில், பக்கப் பார்வையோடு, அதாவது நேரே பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தால் நடுப்பகுதி வரை புள்ளிகள் எழும். எல்லாக் கொத்துக்கும் இது பொருந்தாது. ஷாப்லி–சாயர் அடர்த்தி வரிசையில் (எண் கூடக்கூடத் தளர்வு) எம் 15 நான்காம் வகுப்பு, எம் 4 ஒன்பதாம் வகுப்பு. தளர்ந்த எம் 4-ஐ உருப்பெருக்கத்தால் மிரட்டக் கூடாது. 40 முதல் 70 மடங்கே போதும். நகர வானம் விழுங்கிவிடுவதும் இதைத்தான்.

படமெடுப்பில் கேமராவைவிட ஃபோகஸ்தான் அதிகம் காலை வாரும். எஃப்/5-இல் கூர்மை நிற்கும் இடைவெளி சுமார் 0.06 மிமீ, அதாவது நடுவிலிருந்து இருபுறமும் 0.03 மிமீ. எஃகுக் குழாய் ஒரு டிகிரி குளிர்ந்தால் 0.012 மிமீ சுருங்கும். மாலையில் பாஹ்டினோவ் மாஸ்க் (குழாயின் வாயில் வைக்கும், ஃபோகஸ் காட்டும் கோடு வெட்டிய மூடி) வைத்துச் சரிசெய்த ஃபோகஸ், மூன்று டிகிரி இறங்கியதும் விளிம்பைத் தாண்டிவிடும். நெபுலா படத்தில் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிசகு, கொத்தின் மையத்தைக் களியாக்கிவிடும். 2 டிகிரிக்கு ஒருமுறை மறு ஃபோகஸ் கட்டாயம்.

3.76 மைக்ரான் பிக்சல் கேமராவில் ஒரு பிக்சல் வானத்தில் 0.78 விகலையை (ஒரு டிகிரியில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை) அடக்கும். எம் 13-இன் 20 கலை அகலம் சுமார் 1540 பிக்சலுக்கு வரும், தாராளம். ஓர விண்மீன்களின் வால் பிழையைத் திருத்தும் கோமா கரெக்டர் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே பெரும்பாலும் 55 மிமீ தூரம் கேட்பார்கள். அதில் 1 மிமீ தவறினாலே மூலை விண்மீன்கள் நீளும்.

எக்ஸ்போஷர் கூட்டும் ஆசைதான் அடுத்த பொறி. 3 நிமிட ஃபிரேமில் மையம் வெள்ளையாக எரிந்துபோகும். எரிந்த பிக்சலை எந்த மென்பொருளும் மீட்காது. 30 விநாடி வீதம் 200 ஃபிரேம் எடுப்பது நல்லது. பிரகாசமான ஒமேகா சென்டாரி கொத்துக்கு 10 விநாடியில் தனியாக ஒரு தொகுதி. குறுகிய ஃபிரேமுக்கு இன்னொரு லாபம்: காற்று கலங்கிய நேரத்து ஃபிரேம்களைக் கழிக்கலாம். விண்மீன் அகல அளவை வைத்து மோசமான கால் பங்கை வீசினால், மீதியில் கிடைக்கும் கூர்மை கூடுதல் ஒரு மணி நேரத்தாலும் வராது. சில ஃபிரேமுக்கு ஒருமுறை டிதரிங் (தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்துவது) செய்யாவிட்டால் பின்னணியில் சாய்கோடுகள் விழும்.

தேய்மானத்தில் முதலில் தளர்வது ஃபோகஸர். கேமரா எடையில் மெல்லச் சரியும். லாக் திருகை இறுக்கினால் அச்சு சாய்வதால், இறுக்கிய பிறகே கோலிமேஷன் (கண்ணாடிகளின் ஒளி அச்சு ஒத்திருப்பு) பார்க்க வேண்டும். கண்ணாடியைத் தாங்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால் குழாய் மேற்கே திரும்பியதும் கோலிமேஷன் நகரும். பின்புற மின்விசிறியை அரை மணி முன்பே ஓட்டுங்கள். கண்ணாடித் தூசிக்கு அடிக்கடி கழுவல் வேண்டாம், அது பார்க்கத்தான் அசிங்கம்.

சிரில் மென்பொருளில் ஃபிரேம்களை ஒன்றாக அடுக்கி ஸ்டாக் செய்தபின், asinh முறையில் மங்கலான பகுதிகளைப் பிரகாசமாக்கி நீட்டினால் சிவப்புப் பூத விண்மீன்களின் செம்மஞ்சளும் நீல விண்மீன்களும் பிழைக்கும். மங்கலைக் கணக்கிட்டு நீக்கிக் கூர்மையாக்கும் டீகான்வல்யூஷனைக் கொஞ்சம் மிகுதியாக்கினாலும் விண்மீன்களைச் சுற்றிக் கரிய வளையம் விழும். நெருக்கமான மையத்தில் அவ்வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து, இல்லாத கருங்கோடுகளை உண்டாக்கும். எம் 13-இல் உண்மையிலேயே புரொப்பெல்லர் வடிவக் கருங்கோடுகள் உண்டு. செயலாக்காத ஃபிரேமிலும் அவை தெரிகின்றனவா என்று ஒப்பிட்டுவிட்டு நம்புங்கள்.