பைபாஸுக்குப் பிறகு வந்த நீர்க்கெட்டு: கோல்ச்சிசினா, ஸ்டீராய்டா?

திருவனந்தபுரத்தில் பைபாஸ் முடிந்து செங்கோட்டை திரும்பிய அப்பா மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தார். நான்காவது வாரம் காய்ச்சல். மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் சாய்ந்தால் குறையும். உள்ளூரில் சளி என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். ஐந்து நாள் வீண். மறுபடி ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஓடினோம்.

மலையாள டாக்டர் "நீர்க்கெட்டு" என்றார். அம்மா நீர்க்கட்டி என்று நினைத்து அழவே ஆரம்பித்துவிட்டாள். மலையாளத்தில் அவர் சொன்னது அழற்சியை, அதாவது உள்வீக்கத்தை. இதயத்தின் மேலுறையைக் கீறியதற்கு உடம்பு சில வாரம் கழித்துக் காட்டும் எதிர்ப்பு. காய்ச்சல், குத்தல், ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் உரசல் சத்தம், இதய உறையில் நீர், சி.ஆர்.பி. (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) ஏற்றத்தோடு நுரையீரல் உறையில் நீர் ஆகிய ஐந்தில் இரண்டு இருந்தால் போதும், இதுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் காயத்தில் தொற்று இல்லை என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

மருந்துக்கு வருவோம். பைபாஸ் ஆனவர் என்பதால் வலிக்கு ஐபுபுரோஃபென் வேண்டாம், ஆஸ்பிரின்தான் என்றார். அதில் பேச்சே இல்லை. அதோடு சேர்ப்பது அழற்சியை அடக்கும் கோல்ச்சிசின் மாத்திரையா, ஸ்டீராய்டா என்பதில்தான் யோசனை.

வேகம் பார்த்தால் ஸ்டீராய்டுதான். என் மாமாவுக்கு வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு இதே தொல்லை. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு போட்ட இரண்டாம் நாளே எழுந்து உட்கார்ந்தார். சிக்கல் நிறுத்தும்போதுதான். சட்டென்று விட முடியாது, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாமாவுக்குக் குறைக்கக் குறைக்க வலி திரும்பியது, மறுபடி கூட்டினார்கள். இந்த அழற்சி திரும்பி வரும் வாய்ப்பை ஸ்டீராய்டே கூட்டுகிறது என்பது டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். சர்க்கரை ஏறுவது தனிக்கதை. அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடச் சர்க்கரை. அதனால் கோல்ச்சிசின் என்று முடிவானது.

அப்பாவின் எடை 70 கிலோவுக்குக் கீழே என்பதால் நாளுக்கு 0.5 மில்லிகிராம் ஒரு மாத்திரை, மூன்று மாதம். இத்தாலியில் நடந்து 2010இல் வந்த ஆய்வில், இதய ஆபரேஷனுக்குப் பிறகு இதைத் தடுப்பாகக் கொடுத்தவர்களில் 8.9 சதவீதம் பேருக்கும், கொடுக்காதவர்களில் 21.1 சதவீதம் பேருக்கும் இந்த அழற்சி வந்தது. அப்பாவுக்கு வலி அடங்க ஒரு வாரம் ஆனது. முதல் பத்து நாள் வயிற்றுப்போக்கு. கொழுப்பு மாத்திரையும் போடுவதால் தசைவலி வந்தால் உடனே சொல்லச் சொன்னார்கள். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை இதோடு சேர்க்கவே கூடாதாம். இன்னொன்று: கோல்ச்சிசின் நம்மூர்க் கண்வலிக்கிழங்கிலும் இருக்கிறது. அதற்காகக் கிழங்கைத் தேடிப் போய்விடாதீர்கள், உயிரைக் குடிக்கும் விஷம் அது.

நான் பார்த்தது இரண்டே பேரை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு கோல்ச்சிசின் ஆபத்து. அவர்களுக்கு ஸ்டீராய்டே மேலாக இருக்கலாம், அதையும் குறைந்த அளவில். மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் இறங்கி, கழுத்து நரம்பு புடைத்தால் இரண்டு மாத்திரையும் உதவாது. உறையில் சேர்ந்த நீர் இதயத்தை நெரிக்கிறது என்று அர்த்தம். உடனே வடித்தாக வேண்டும்.