டிரெய்லர் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: கொக்கி எடையைப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

மதுரையில் எனக்கு டிபன் கடை டிரெய்லர் செய்து கொடுத்த பட்டறையின் வாசலில், அதே அமைப்பில் இன்னொன்று வெல்டிங்கில் நிற்பதைப் போன வாரம் பார்த்தேன். அதை வாங்கப்போகிறவரின் கண்ணில் படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

எவர்சில்வர் மேடை, மடக்குக் கதவு என எங்கள் டிரெய்லர் பார்வைக்குக் குறையில்லாமல்தான் இருந்தது. திருமங்கலம் தாண்டி நான்கு வழிச்சாலையில் வேகம் 60ஐத் தொட்டபோது, ஆம்னி பஸ் ஒன்று எங்களைக் கடந்த காற்றில் டிரெய்லரின் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, ஆட்டத்துக்கு ஆட்டம் வீச்சு கூடி, இழுத்துச் சென்ற பொலீரோவின் பின்பக்கத்தையும் சேர்த்து அலைக்கழித்தது. ஓட்டிய என் தம்பி ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததால் தப்பித்தோம். அந்த நேரத்தில் வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதித்தால், பின்னால் வரும் பாரம் முன்னோக்கித் தள்ளி, வண்டியும் டிரெய்லரும் மடங்கிக்கொள்ளும்.

பட்டறைக்காரர் முதலில் டயரில் காற்று குறைவு என்றார். பிறகு தனிக் காசுக்கு ஆட்டத்தடுப்புக் கம்பி மாட்டித் தருவதாகச் சொன்னார். அந்தக் கம்பி ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, தவறான இடத்தில் இருக்கும் பாரத்தைச் சரிசெய்யாது. டிரெய்லர் ஆடாமல் வர, அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும்; இதைத்தான் கொக்கி எடை என்கிறேன். எடைமேடையில் எங்களுடையது 900 கிலோ காட்டியது; அப்படியானால் கொக்கியில் 90 கிலோவாவது வேண்டும். தெரிந்த மண்டியின் தராசில் கொக்கி முனையை வைத்தபோது 35 கிலோதான் நின்றது. அச்சைச் சட்டத்தின் நட்டநடுவில் பொருத்திவிட்டு, 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும் சிலிண்டர்களையும் பின்கோடியில் வைத்திருந்தார்கள். உயிரோடு விளையாடும் வேலை இது.

அளந்து காட்டிய பிறகும் அவர்கள் ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தரவில்லை. வேறொரு மெக்கானிக்கிடம் எங்கள் செலவில் அச்சைப் பின்னுக்கு நகர்த்தி, தொட்டியை அச்சுக்குச் சற்று முன்னால் மாற்றினோம்; அதன்பின் லாரிகள் கடக்கும்போதும் வண்டி நேராக வருகிறது.

செய்யக் கொடுத்திருப்பவர்கள் டெலிவரிக்கு முன் தொட்டியை நிரப்பி ஒருமுறையும் காலியாக ஒருமுறையும், டிரெய்லரைச் சமமட்டத்தில் நிறுத்தி மொத்த எடையையும் கொக்கி எடையையும் உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் பில்லில் எழுதித் தர மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.